எண்ணித் துணிந்த மகலனோபிஸ்

நுழையும்முன்

ஓர் ஊரில் வெள்ளம் வந்தால், அதற்குக் காரணம் இதுதான் என்று பலரும் பலவாறு கூறுவர். அனுபவம் மிக்கவர் கூறும் காரணம் உண்மையாக இருக்கலாம். உண்மைபோலத் தோன்றுவதாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய எண்களைத் துணைக்கொள்ளும் முறைக்குக் கருதுகோள் சோதனை என்பது பெயர். அச்சிந்தனையை நம் நாட்டின் ஆறுகளுக்கும் வயல்களுக்கும் கொண்டுசென்ற அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

பிராமணி ஆற்றின் வெள்ளம்

1926ஆம் ஆண்டு ஒரிசாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்தது. வெள்ளம் கரையை மீறி ஊர்களுக்குள்ளும் வயல்களுக்குள்ளும் புகுந்தது. இத்தகைய துன்பம் மீண்டும் நேராமல் காக்க என்ன செய்வது என்று ஆராய்வதற்குப் பொறியாளர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஆற்றின் படுகை முன்பிருந்ததைவிடப் பல அடி உயர்ந்துவிட்டது. அதனால்தான் நீர் கரை மீறுகிறது. ஆகவே கரைகளை இன்னும் உயர்த்திக் கட்ட வேண்டும் என்பது அக்குழுவினர் கொண்ட கருத்து.

கேட்பவர் எவரும் உடனே ஒப்புக்கொள்ளக்கூடிய கருத்துதான் அது. மலையிலிருந்து இறங்கும் ஆறு மண்ணையும் மணலையும் சுமந்து வருகிறது. சமவெளியை அடைந்ததும் அதன் வேகம் குறைகிறது. சுமந்து வந்த வண்டல் படுகையில் தங்குகிறது. ஆண்டுதோறும் வண்டல் தங்கினால் படுகை உயரும். படுகை உயர்ந்தால் நீர்மட்டமும் உயரும். காரணமும் விளைவும் சங்கிலிபோல் பொருந்துகின்றன. கூறியவர்களோ துறையில் தேர்ந்த பொறியாளர்கள்.

ஆயினும், அவ்வாறு உயர்ந்தது உண்மைதானா என்னும் வினா எஞ்சி நின்றது. கரைகளை உயர்த்துவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை. அது மட்டுமன்று; காரணம் வேறாக இருக்குமானால், அச்செலவு முழுவதும் வீணாகும்; உயர்ந்த கரையை நம்பி அதன் அடியில் வாழும் மக்கள் அடுத்த வெள்ளத்தில் மீண்டும் துன்புறுவர். இந்நிலையில், சிக்கலை ஆராயும் பொறுப்பு கல்கத்தாவில் இயற்பியல் கற்பித்துவந்த பேராசிரியர் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. அவர் பெயர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

இளமையும் கல்வியும்

மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் பிரபோத சந்திரர், தாயார் நிரோத்பாசினி. வங்காளத்தில் சமயச் சீர்திருத்தத்தையும் சமூகச் சீர்திருத்தத்தையும் முன்னின்று நடத்திய பிரம்ம சமாசத்தோடு அக்குடும்பம் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. எக்கருத்தையும் ஆராய்ந்து பார்த்தே ஏற்கவேண்டும் என்னும் பழக்கம் அச்சூழலில் வளர்ந்த சிறுவனுக்கு இயல்பாகவே அமைந்தது.

பள்ளிக் கல்வியைப் பிரம்ம ஆண்கள் பள்ளியில் முடித்த அவர், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்று 1912ஆம் ஆண்டு இயற்பியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் சேர்வதே அவருடைய எண்ணம். அதற்குள் ஒருநாள் கேம்பிரிட்ஜ் நகரைக் கண்டுவரச் சென்றவர், அங்குள்ள கிங்ஸ் கல்லூரியின் தேவாலய அழகில் மனத்தைப் பறிகொடுத்தார். இலண்டன் திரும்பும் கடைசித் தொடர்வண்டியையும் தவறவிட்டார். அன்றிரவு நண்பர் ஒருவருடன் தங்கினார், நண்பரின் தூண்டுதலால் மறுநாள் அக்கல்லூரியிலேயே இடம் கேட்டார், இடமும் கிடைத்தது. 1915ஆம் ஆண்டு இயற்பியலில் முதல் வகுப்பில் தேறினார்.

கும்பகோணத்திலிருந்து வந்த நண்பர்

மகலனோபிஸ் கேம்பிரிட்ஜில் பயின்ற நாள்களில், 1914ஆம் ஆண்டு, தமிழ்நாட்டிலிருந்து இளைஞர் ஒருவர் அங்கு வந்து சேர்ந்தார். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய கணிதமேதை சீனிவாச இராமானுசனே அவர். தாய்நாட்டை விட்டுத் தொலைவில் வாழ்ந்த அவ்விருவரும் நண்பர்களாயினர்.

இங்கிலாந்தின் குளிர் இராமானுசனைப் பெரிதும் வருத்தியது. ஒருநாள் அவருடைய அறைக்குச் சென்ற மகலனோபிஸ், அவர் கணப்புக்கு அருகிலேயே அமர்ந்திருப்பதைக் கண்டு, இரவில் குளிர் தாக்காமல் உறங்க முடிகிறதா என்று வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்றார் இராமானுசன். கம்பளிகள் போதவில்லை போலும் என்று எவரும் எண்ணக்கூடும். மகலனோபிஸ் அவ்வாறு எண்ணி நின்றுவிடவில்லை. படுக்கையறைக்குள் சென்று கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. ஆனால், அவை மெத்தையைச் சுற்றி இறுக மடித்துச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுக்கவேண்டும் என்னும் வழக்கத்தைப் பாயில் படுத்துப் பழகிய இராமானுசன் அறிந்திருக்கவில்லை. மகலனோபிஸ் அம்முறையை அன்புடன் செய்து காட்டினார்.

மற்றொரு நாள், இராமானுசன் அடுப்பருகே நின்று சமைத்துக்கொண்டிருந்தார். அருகில் அமர்ந்து திங்களிதழ் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ், அதில் வந்த புதிர் ஒன்றை அவரிடம் கூறினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என வரிசையாக எண் இடப்பட்டுள்ளது. அவற்றுள் குறிப்பிட்ட ஒரு வீட்டுக்கு முன்னுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் பின்னுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமமாகின்றன. வீடுகள் 50க்கு மேலும் 500க்குக் குறைவாகவும் உள்ளன எனில், அவ்வீட்டின் எண் யாது? இதுவே அப்புதிர். மகலனோபிஸ் எண்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்து விடை கண்டிருந்தார். 288 வீடுகள் உள்ள தெருவில் 204ஆம் எண் வீடு. இராமானுசனோ வாணலியைக் கிளறியபடியே, அந்த ஒரு விடையை மட்டுமன்றி, எத்தனை வீடுகளுக்கும் பொருந்தும் விடைகள் அனைத்தையும் தரும் பொதுவழியையே கூறிவிட்டார். அம்மேதையின் அறிவாற்றல் மகலனோபிசை வியப்பில் ஆழ்த்தியது.

கப்பலில் படித்த இதழ்கள்

படிப்பை முடித்த மகலனோபிஸ் விடுமுறைக்காகத் தாயகம் புறப்பட்டார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் பயணம் செய்யவிருந்த கப்பல் புறப்படத் தாமதமாயிற்று. அவ்விடைவேளையில், கல்லூரி ஆசிரியர் ஒருவர் நூலகத்தில் இருந்த ஓர் ஆய்விதழை அவருக்குக் காட்டினார். உயிரினங்களைப் பற்றிய அளவீடுகளைப் புள்ளியியல் வழியாக ஆராயும் 'பயோமெட்ரிகா' என்னும் இதழ் அது. அவ்விதழின் தொகுதிகளை மகலனோபிஸ் விலைகொடுத்து வாங்கி, கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார்.

கல்கத்தாவை அடைந்தபோது அவர் மனத்தில் ஒரு புதிய துறை வேரூன்றியிருந்தது. மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் பணி கிடைத்ததால் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. பகலில் இயற்பியல் கற்பித்தார்; எஞ்சிய நேரத்தில் எண்களை ஆராய்ந்தார். பல்கலைக்கழகத் தேர்வு மதிப்பெண்கள், வானிலைப் பதிவுகள், மக்களின் உடலளவுகள் என எவ்வகை எண்கள் கிடைப்பினும் அவற்றை வரிசைப்படுத்தி வினாக்கள் எழுப்பினார். 1923ஆம் ஆண்டு அவர் நிர்மலகுமாரி அம்மையாரை மணந்தார். கவியரசர் தாகூரின் அன்புக்கு உரியவராய், விசுவபாரதியின் செயலராகவும் பல்லாண்டு தொண்டாற்றினார்.

தற்செயலா, உண்மையா?

மகலனோபிஸ் ஆராய்ந்த செய்திகள் பலவாயினும், அவற்றின் அடியில் இருந்த வினா ஒன்றே. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு உண்மையான வேறுபாடா? அன்றித் தற்செயலாகத் தோன்றியதா? இதனை எளிய எடுத்துக்காட்டு ஒன்றால் விளங்கிக்கொள்ளலாம்.

ஒருவர் ஒரு நாணயத்தைக் காட்டி, இது சமனற்றது, தலையே மிகுதியாக விழும் என்கிறார். அதனைப் 10 முறை சுண்டிப் பார்க்கும்போது 8 முறை தலை விழுகிறது. அவர் கூற்று மெய்ப்பிக்கப்பட்டதா?

அவசரப்படாமல், முதலில் அதற்கு மாறானதை உண்மை என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது, நாணயத்தில் குறை ஏதும் இல்லை என்று கொள்ள வேண்டும். இதுவே சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் கருதுகோள். குறையற்ற நாணயத்தைப் 10 முறை சுண்டினால், தலையும் பூவும் மாறிமாறி விழும் வரிசைகள் மொத்தம் 1,024 உண்டு. அவற்றுள் 8 தலை வருபவை 45. 9 தலை வருபவை 10. பத்தும் தலையாக வருவது 1. ஆக, 8 அல்லது அதற்கு மேற்பட்ட தலைகள் விழும் வரிசைகள் 56. குறையற்ற நாணயத்திலும் 100க்கு ஐந்து முறைக்குச் சற்று மேலாக இவ்வாறு நிகழும் என்பது இதனால் பெறப்படும்.

100க்கு 5 முறைக்கும் குறைவாக நிகழக்கூடிய ஒன்று நிகழ்ந்தால் மட்டுமே கருதுகோளைக் கைவிடுவது என்று ஆய்வாளர் பலர் எல்லை வகுத்துக்கொள்வர். அவ்வெல்லையின்படி, 8 தலைகள் விழுந்ததைக் கொண்டு நாணயத்தைக் குறைகூற இயலாது. 9 தலைகள் விழுந்திருந்தால் செய்தி வேறு. அத்தகைய வரிசைகள் 1,024இல் 11 மட்டுமே. அதாவது 100க்கு ஏறத்தாழ 1. அப்போது தற்செயல் என்னும் விளக்கத்தைத் தள்ளிவிடலாம்.

இங்கு இரண்டு செய்திகளை மறவாதிருத்தல் வேண்டும். ஒன்று, எல்லையைச் சோதனைக்கு முன்பே வகுத்துக்கொள்ள வேண்டும். விடையைக் கண்ட பின் தனக்கு ஏற்றவாறு எல்லையை நகர்த்துபவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். மற்றொன்று, கருதுகோளைத் தள்ள இயலாமற்போவது அது மெய்ப்பிக்கப்பட்டதாகாது. குறைகூறப் போதிய சான்று இல்லை என்பதே அதன் பொருள். ஐயம் நீங்காவிடின் மேலும் பலமுறை சுண்டிப் பார்க்கவேண்டும்.

ஆறு தந்த சான்று

நாணயத்தில் தவறினால் இழப்பு பெரிதன்று. ஆற்றில் தவறினால் ஊர்கள் அழியும். அங்கே இருவகைத் தவறு நேரலாம். படுகை உயராதிருக்க, உயர்ந்தது என்று நம்பினால் பொருள் வீணாகும். உண்மைக் காரணமும் மறைந்துபோகும். படுகை உயர்ந்திருக்க, உயரவில்லை என்று முடிவுகட்டினால் மக்கள் காப்பற்று நிற்பர். எனவே எண்களை ஆராய்பவரின் தோளில் பெரும் பொறுப்பு உண்டு.

மகலனோபிசுக்கு இப்பொறுப்பு புதிதன்று. 1922ஆம் ஆண்டு வட வங்காளத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, வெள்ளநீரைத் தடுத்து நிறுத்தும் தேக்கங்களைப் பெருஞ்செலவில் அமைக்கும் யோசனை எழுந்தது. கல்கத்தா வானிலை ஆய்வு நிலையத்தின் பொறுப்பையும் அப்போது ஏற்றிருந்த மகலனோபிஸ், ஏறத்தாழ 50 ஆண்டுக்கால மழைப் பதிவுகளையும் வெள்ளச் செய்திகளையும் தொகுத்து ஆராய்ந்தார். தேக்கங்களால் பயன் விளையாது. தேங்கும் நீர் விரைந்து வடிவதற்கு வழிசெய்வதே தேவை என்பது அவர் கண்ட முடிவு.

பிராமணி ஆற்றுச் சிக்கலிலும் அவர் அவ்வழியையே பின்பற்றினார். ஏறத்தாழ 60 ஆண்டுக்காலப் பதிவுகளைத் திரட்டினார். மழைமானிகள் காட்டிய அளவுகளும் ஆற்றுமட்டக் குறிப்புகளும் பழைய ஏடுகளில் உறங்கிக்கிடந்தன. கணிப்பொறி இல்லாத காலம் அது. கூட்டலும் பெருக்கலும் கையாலேயே செய்யப்பட வேண்டியிருந்தன.

படுகை உயரவில்லை என்று முதலில் கொள்வோம். அக்கருதுகோள் பிழையாக இருந்தால், அதாவது படுகை உண்மையிலேயே பல அடி உயர்ந்திருந்தால், அதன் தடயம் எண்களில் தெரிந்தே தீரவேண்டும். முன்னாள்களில் ஓடிய அதே அளவு நீர், பின்னாள்களில் இன்னும் உயர்ந்த மட்டத்தில் ஓடியிருக்க வேண்டும். மழை மிகாத ஆண்டிலும் வெள்ளம் மிகுந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு இயல்பாக ஏறியிறங்கும் மாற்றத்தை விஞ்சி அவ்வுயர்வு தனித்துத் தெரிய வேண்டும். பாடநூல்களில் இன்று காணும் சோதனை முறைகள் பலவும் அந்த ஆண்டுகளில்தான் உருப்பெற்றுக்கொண்டிருந்தன. ஆயினும் வினவும் ஒழுங்கு இதுவே.

பதிவுகள் தந்த விடை தெளிவாக இருந்தது. படுகை உயர்ந்ததற்குச் சான்று இல்லை. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள நீர்ப்பிடிப்பு நிலத்தில் அளவுக்கு மீறிப் பெய்த மழையே வெள்ளத்திற்குக் காரணம். காரணம் மாறியபோது தீர்வும் மாறியது. கீழே கரையை உயர்த்துவதால் பயனில்லை. மேலே அணை கட்டி வெள்ளநீரைத் தேக்குவதே தக்கது என்று மகலனோபிஸ் எடுத்துரைத்தார். தேக்கிய நீரைப் பாசனத்துக்கும் மின்னாக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதையும் கணக்கிட்டுக் காட்டினார். ஒரிசாவின் பேராறான மகாநதியைக் குறித்து அவர் செய்த கணக்கீடுகள், சம்பல்பூருக்கு அருகே 1957ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஹிராகுட் அணைத் திட்டத்துக்கு அடிப்படையாக அமைந்தன.

பொறியாளர்களை இகழ்வது அவ்வாய்வின் நோக்கமன்று. அவர்கள் கூறியது நடந்திருக்கக்கூடிய ஒன்றே. நடந்திருக்கக்கூடியது என்பதற்கும் நடந்தது என்பதற்கும் இடையே உள்ள இடைவெளியை எண்களால் அளந்து காட்டியதே மகலனோபிஸ் செய்த பணி.

சிறிய அறையில் பிறந்த நிறுவனம்

மாநிலக் கல்லூரியில் மகலனோபிசின் அறையே தொடக்கத்தில் புள்ளியியல் ஆய்வுக்கூடமாக விளங்கியது. ஆர்வம் கொண்ட இளைஞர் சிலர் அங்கு கூடினர். அக்கூட்டமே 1931ஆம் ஆண்டு திசம்பர் 17ஆம் நாள் இந்தியப் புள்ளியியல் நிறுவனமாக உருப்பெற்றது. முதலாண்டில் அதன் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. 1933ஆம் ஆண்டு 'சாங்கியா' என்னும் ஆய்விதழ் தொடங்கப்பட்டது. எண் என்றும் தெளிந்த அறிவு என்றும் இருபொருள் தரும் வடசொல்லிலிருந்து அப்பெயர் பெறப்பட்டது.

மக்கட்குழுக்களின் உடலளவுகளை ஒப்பிடும்போது எழும் இடர்ப்பாட்டைத் தீர்க்க மகலனோபிஸ் ஓர் அளவையை உருவாக்கினார். உயரம், தலையின் நீளம் போன்ற பல அளவுகளை ஒருங்கே கருதி, இரு குழுக்கள் ஒன்றற்கொன்று எவ்வளவு தொலைவில் உள்ளன என்று அது காட்டும். 1936ஆம் ஆண்டு அவர் விரித்துரைத்த அவ்வளவை இன்று உலகெங்கும் மகலனோபிஸ் தொலைவு என்றே வழங்குகிறது. புள்ளியியல் சோதனை முறைகளை வகுத்தவர்களுள் தலைசிறந்தவரான இங்கிலாந்து அறிஞர் இரொனால்டு ஃபிஷர், 1938ஆம் ஆண்டு சனவரியில் கல்கத்தாவில் கூடிய முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

இரு குழுவினர், ஒரே வயல்

வங்காளத்தில் சணல் முதன்மையான பணப்பயிர். எவ்வளவு நிலத்தில் சணல் விளைகிறது என்று அறிய ஒவ்வொரு வயலையும் எண்ணுவதானால் ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும், செலவும் மிகும். 1937ஆம் ஆண்டு முதல் மகலனோபிஸ் வேறு வழியை மேற்கொண்டார். குலுக்கல் முறையில் சில வயல்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றைக் கவனமாக ஆராய்ந்து, அதிலிருந்து மாகாணம் முழுமைக்கும் கணக்கிடுவதே அவ்வழி. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் அறிந்த உண்மை. ஆனால் பானையை நன்கு கிளறிய பின் எடுத்த சோறாக அது இருத்தல் வேண்டும். குலுக்கல் முறை செய்வது அக்கிளறலையே.

சிலவற்றை மட்டும் பார்த்து முழுமையைக் கூறலாமா என்று ஐயுற்றோர் பலர். தம் முறையையும் சோதனைக்கு உட்படுத்துவதே அவர்களுக்கு மகலனோபிஸ் அளித்த மறுமொழி. ஒரே பகுதிக்கு இரு குழுவினரைத் தனித்தனியே அனுப்பினார். ஒரு குழு கண்டதை மற்றொரு குழு அறியாது. இரு கணக்குகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு தற்செயலாக நேரக்கூடிய அளவில் இருந்தால் கணக்கை நம்பலாம். அவ்வளவை விஞ்சினால் எங்கோ பிழை உள்ளது என்று பொருள்; மீண்டும் வயலுக்குச் சென்று பார்க்க வேண்டும். பிறர் கூற்றை எந்த அளவுகோலால் அளந்தாரோ, அதே அளவுகோலால் தம் பணியையும் அளந்தார் அவர்.

நாட்டுக்கு ஆற்றிய தொண்டு

நாடு விடுதலை பெற்றபின், மக்கள் என்ன உண்கின்றனர், எவ்வளவு ஈட்டுகின்றனர், எதற்குச் செலவிடுகின்றனர் என்பவற்றை அறியவேண்டிய தேவை எழுந்தது. அதற்காக 1950ஆம் ஆண்டு தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கப்பட்டது. அதனை உருவாக்கியவர் மகலனோபிஸ். 1956ஆம் ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவு அவர் வகுத்த நெறியில் அமைந்தது. கனரகத் தொழில்களுக்கு அது அளித்த முதன்மை குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடுகளும் எழுந்தன. அதே ஆண்டில், நாட்டின் முதல் மின்னணுக் கணிப்பொறி அவருடைய நிறுவனத்தில் நிறுவப்பட்டது.

இங்கிலாந்தின் அரச கழகம் 1945ஆம் ஆண்டு அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1959ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தேசிய முதன்மை வாய்ந்த நிறுவனம் என அறிவிக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூசண் விருது வழங்கியது. 1972ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், தம் எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளில் அவர் இயற்கை எய்தினார். அவர் பிறந்த சூன் 29ஆம் நாள், 2007ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தமிழில் எண்ணுதல் என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் சிந்தித்தல் என்றும் இரு பொருள் உண்டு. நண்பரின் கட்டில் முதல் நாட்டின் ஆறுகள் வரை, நேரில் பார்த்துக் கணக்கிட்டு, சிந்தித்துப் பின்னரே முடிவுக்கு வந்தவர் மகலனோபிஸ். சொல்பவர் யாராயினும் சான்றைக் கேட்பது அவமதிப்பாகாது என்பதையும், கேட்பவர் தம் கூற்றுக்கும் சான்று தரக் கடமைப்பட்டவர் என்பதையும் அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.

சொல்லும் பொருளும்

கருதுகோள் – ஆராய்ச்சிக்காக உண்மை என வைத்துக்கொள்ளும் கருத்து
படுகை – ஆற்றின் அடித்தளம்
வண்டல் – நீர் கொண்டுவந்து சேர்க்கும் நுண்மண்
கணப்பு – குளிர்காயும் தீ
நீர்ப்பிடிப்பு நிலம் – பெய்யும் மழைநீர் ஆற்றில் வந்து சேரும் பரப்பு
மழைமானி – மழையின் அளவைக் காட்டும் கருவி
தடயம் – நிகழ்ந்ததைக் காட்டும் அடையாளம்
பதம் – உணவு வெந்த நிலை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பிராமணி ஆற்றின் வெள்ளத்திற்குப் பொறியாளர் குழு கூறிய காரணம் யாது?
2. இராமானுசன் குளிரால் வருந்தியதன் உண்மைக் காரணத்தை மகலனோபிஸ் எவ்வாறு அறிந்தார்?
3. சோதனைக்கு முன்பே எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏன்?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. ஆற்றைப் பற்றிய ஆய்வில் நேரக்கூடிய இருவகைத் தவறுகளையும், அவற்றால் மக்களுக்கு விளையும் இழப்புகளையும் விளக்குக.
2. சணல் கணக்கெடுப்பில் இரு குழுவினர் அனுப்பப்பட்டதன் நோக்கத்தை எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
1. அவ்விருவரும் 2. அதுவன்று 3. நீர்மட்டம் 4. பெருஞ்செலவு

ஈ. செய்து பார்க்க.
1. எட்டு வீடுகள் உள்ள தெருவில், இருபுறமும் உள்ள எண்களின் கூட்டுத்தொகை சமமாக அமையும் வீடு எது எனக் கண்டுபிடிக்க.
2. வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தைப் 10 முறை சுண்டி, விழுந்த தலைகளின் எண்ணிக்கையைக் கரும்பலகையில் குறிக்க. 8 அல்லது அதற்கு மேல் பெற்றவர் எத்தனை பேர்? அவர்களின் நாணயங்கள் குறையுடையவை எனக் கூறலாமா? காரணம் தருக.
3. முன்பெல்லாம் இவ்வளவு வெயில் இல்லை என்பது போல வீட்டுப் பெரியவர் கூறும் கருத்து ஒன்றைக் கேட்டு எழுதுக. அதைச் சோதிக்க எந்த எண்கள் தேவை, அவற்றை எங்கிருந்து பெறலாம் என்று ஐந்து தொடர்களில் எழுதுக.